ஷாட்டை முடிய விடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

தொலைக்காட்சிச் செய்திக்குப் படம் எடுப்பது, எடிட் செய்வது பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு அறிவிப்பு வந்தது. சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். செய்தி கேமராவும் பிடித்திருக்கிறேன், எடிட் டேபிளிலும் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் ரெண்டு பக்கத்துக் கோபமும் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அண்ணா, ஒரு ஸ்டோரிக்கு இருபது கிளிப் வரை அனுப்புகிறேன். ஒளிபரப்பில் பார்த்தால் அதே மூணு நாலு ஷாட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டுகிறார்கள். கேட்டால் "விஷுவல் பத்தலை" என்கிறார்கள். இருபது கிளிப் எப்படிப் பத்தாமல் போகும்?
ஸ்ட்ரிங்கர் (சேனலுக்கு வெளியிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர்), வாழப்பாடி

தம்பி, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய சேகோ (ஜவ்வரிசி) ஆலை கிளிப்புகளை முழுக்கப் பார்த்தேன். எல்லாமே நின்ற இடத்திலிருந்து, உங்கள் கண் உயரத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் எடுத்தவை. ஒவ்வொன்றிலும் கேமரா இடப்பக்கம் ஆரம்பித்து வலப்பக்கம் போகிறது, எதையாவது கண்டால் உள்ளே ஜூம் போகிறது, உடனே வெளியே வருகிறது, நாலு விநாடியில் முடிந்துவிடுகிறது. எடிட் டேபிளில் இருப்பவருக்கு இது ஒரே ஷாட்டை இருபது தடவை எடுத்த மாதிரிதான் தெரியும். நகர்ந்துகொண்டிருக்கும் ஷாட்டை நடுவில் வெட்டி இன்னொரு நகரும் ஷாட்டோடு ஒட்டினால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். அதனால் அவர் அசையாமல் நிற்கிற மூணு நாலு துண்டைத் தேடி எடுத்து, ஒன்றரை நிமிட வாய்ஸ் ஓவரை (படத்துக்கு மேல் ஓடும் குரலை) அதை வைத்தே மூடுகிறார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ரெக்கார்ட் அழுத்தியதும் கேமராவை அசைக்காமல் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பயன்படப்போவது மூன்று விநாடியோ நாலு விநாடியோதான், ஆனால் எந்த மூன்று விநாடி என்று தேர்ந்தெடுக்க எடிட்டருக்கு இடம் வேண்டும். பேன் செய்தே, அதாவது கேமராவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பியே, தீர வேண்டும் என்றால் ஆரம்பத்தில் அஞ்சு விநாடி நின்று, நகர்ந்து, முடிவில் அஞ்சு விநாடி நில்லுங்கள், அப்போது ஒரே கிளிப்பில் அவருக்கு மூன்று ஷாட் கிடைக்கும். ஜூமைத் தொடாதீர்கள், காலால் நடந்து கிட்டப் போங்கள்.

அடுத்தது, ஒரே ஆளை, ஒரே வேலையைப் பிடியுங்கள். சேகோ ஆலையில் எவ்வளவு இருக்கிறது! குச்சிக்கிழங்கு லாரியிலிருந்து இறங்குகிறது, தோல் உரிகிறது, கழுவி அரைத்துப் பாலாகித் தொட்டியில் படிகிறது, படிந்த மாவை எடுத்து உதிர்த்துத் துணித்தொட்டிலில் போட்டுக் குலுக்கினால் உருண்டு மணியாகிறது, சலித்து, சூடான தகட்டில் வறுத்து, அப்புறம் களத்தில் காய்கிறது. நீங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு வாய் கடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். குலுக்குகிற அந்த அம்மாவிடமே நின்றிருந்தால் போதும். அவர் கை மட்டும் ஒரு ஷாட். முகம் மட்டும் ஒரு ஷாட். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பதை நாம் பார்க்கிற மாதிரி ஒன்று. அந்தக் கொட்டகை முழுக்கத் தெரிகிற மாதிரி ஒன்று. அப்புறம் உங்களுக்கே தோன்றுகிற ஒரு கோணம், தரையில் உட்கார்ந்தோ துணிக்கு அடியிலிருந்தோ. இந்த அஞ்சும் கையில் இருந்தால் எந்த எடிட்டரும் எந்த வரிசையிலும் அடுக்கி அரை நிமிடத்தை ஓட்டிவிடுவார்.

மாவு மணியாகிற அந்த நேரத்துக்கு முன்னாலேயே நீங்கள் கேமராவை அணைத்துவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு மனசு கேட்கவில்லை. பார்க்கிறவர் காத்திருந்ததே அதற்குத்தான். ஆரம்பித்த வேலை முடிகிற வரை நில்லுங்கள். ஆள் எழுந்து போனால் ஃபிரேமை விட்டு முழுசாக வெளியே போகட்டும், காலி ஃபிரேம் இரண்டு விநாடி ஓடட்டும். அடுத்த ஷாட்டில் அவர் களத்தில் இருந்தாலும் சரி, மறுநாள் காலையில் இருந்தாலும் சரி, ஒட்டும்.

இன்னொன்று. ஊர்வலம் மாதிரி ஒரு திசையில் போகிற எதையும், ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்களேன், சாலைக்கு ஒரு பக்கத்திலிருந்தே எடுங்கள். எதிர்ப்பக்கம் தாண்டிப் போய் எடுத்தால் இடமிருந்து வலமாகப் போன கூட்டம் வலமிருந்து இடமாகத் திரும்பி வருகிற மாதிரி தெரியும். தாண்டத்தான் வேண்டும் என்றால், கூட்டம் நேராகக் கேமராவைப் பார்த்து வருகிற ஒரு ஷாட்டை நடுவில் எடுத்துக்கொடுத்துவிடுங்கள்.

பேட்டியில் ஒருவர் பேசியதில் நடுவே இரண்டு வாக்கியத்தை எடுத்துவிட்டால் தலை சட்டென்று குதிக்கிறது. டிசால்வ் போட்டால் சரியாகிவிடுமா சார்? கட்அவே போடச் சொல்கிறார்கள், எதைப் போடுவது என்று புரியவில்லை.
காட்சித் தொடர்பியல் மாணவி, சேலம்

டிசால்வ், அதாவது ஒரு ஷாட் மங்கும்போதே அடுத்தது எழுவது, போட்டால் ஒரு ஆளுக்கு இரண்டு தலை இருக்கிற மாதிரி ஒரு கணம் தெரியுமே தவிர குதிப்பு போகாதும்மா.

கட்அவே என்றால் பேசுகிறவரை விட்டு வேறொன்றைக் காட்டுகிற ஷாட். அதை 'எதையாவது போட்டு மூடு' என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் பைட்டுக்கு (பேட்டித் துண்டுக்கு) நடுவில் சம்பந்தமே இல்லாமல் பூந்தொட்டி, சுவர்க் கடிகாரம், பேசுகிறவர் பெயர்ப்பலகை எல்லாம் வருகிறது. தறி நெய்கிறவரைப் பேட்டி எடுத்தால் அவர் நெய்வதை முன்னாலேயோ பின்னாலேயோ தனியாக எடுத்து வையுங்கள். பாவு நூல் அறுந்து முடிச்சுப் போட்டேன் என்று அவர் சொல்கிற இடத்தில் அவர் விரல் முடிச்சுப் போடுவது வந்தால், வெட்டு இருந்ததே தெரியாது, சொன்னதும் மனசில் நிற்கும். படத்துக்கு முன்னாலேயே அடுத்த ஷாட்டின் ஒலியை உள்ளே விடுவதும் நல்ல பழக்கம். அவர் முகம் இருக்கும்போதே தறிச் சத்தம் மெல்லக் கேட்க ஆரம்பித்து, அப்புறம் தறி வரட்டும். எடிட்டிங்கில் இதை ஜே கட் என்பார்கள். முகத்திலிருந்து தறிக்குப் போன பிறகும் அவர் குரல் தொடர்ந்தால் எல் கட். வெட்டுக்கு முன்னும் பின்னும் ஒலியும் படமும் ஒரே இடத்தில் அறுபடாமல் இருந்தாலே பாதி உறுத்தல் போய்விடும்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வகுப்பில் போதுமான அளவு பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. லெவ் குலெஷவ் என்ற ரஷ்யர் ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும், ஒருமுறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும், ஒருமுறை ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலும் வெட்டி ஒட்டினார். முகம் மாறவே இல்லை, ஆனால் பார்த்தவர்களுக்குப் பசி, துக்கம், ஆசை என்று வேறுவேறாகத் தெரிந்தது. சினிமாவுக்கு அது வித்தை. செய்தியில் அதையே செய்தால் பொய்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஒரு பாட்டி அழுதுகொண்டே மனு கொடுக்கிறார். அதற்கு அரைமணி நேரம் முன்போ பின்போ ஒரு அதிகாரி போன் பார்த்துச் சிரித்த ஷாட் உங்களிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செய்தி தீப்பிடிக்கும். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை என்று நீங்கள் சாதிக்கலாம், ஆனால் அந்த வெட்டு பொய் சொல்லிவிட்டது. ஒரே நேரத்தில் நடக்காத இரண்டு முகத்தை எதிரெதிரே வைக்காதீர்கள். பேட்டி முடிந்த பிறகு நிருபர் தலையாட்டுவதைத் தனியாக எடுத்து நடுவில் செருகுகிற பழக்கத்தையும் நான் இதே கணக்கில்தான் வைக்கிறேன். அதேபோல ஒருவர் "செய்வோம், ஆனால் நிதி வந்தால்தான்" என்று சொன்னதை "செய்வோம்" என்பதோடு நறுக்கி, மேலே கட்அவே போட்டு மறைத்தால், வெட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு பெரிய தப்பு.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் செல்போனில் எடுத்த வீடியோவில் படம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பட்டை ஓடுகிறது. எடிட்டிங்கில் எடுக்க முடியுமா?
வாசகர், சிவதாபுரம்

அதை எடுப்பதற்கென்றே சில எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் வசதி இருக்கிறது, ஆனால் மங்கலாக்கித்தான் எடுக்கும். வராமல் பார்த்துக்கொள்வது சுலபம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, அதனால் பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. போன் தானாகவே விநாடிக்கு 30 ஃபிரேமில் (தனிப்படத்தில்), ஏதோ ஒரு ஷட்டரில் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழ விடுகிற நேரத்தில்) எடுக்கும்போது ஒரு ஃபிரேமுக்குள் வெளிச்சம் ஏறியும் இறங்கியும் பதிவாகி அந்தப் பட்டை வருகிறது. விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி என்று பூட்டிவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு வெளிச்சம் கிடைக்கும், பட்டை நின்றுவிடும். வெளிச்சம் அதிகமென்றால் நூறில் ஒரு பங்கு. நம் தொலைக்காட்சி ஓடுவதும் 25 ஃபிரேமில்தான், 30-ல் எடுத்து 25-க்கு மாற்றினால் நகர்கிற பொருள் திக்கித் திக்கிப் போகும். போனின் சொந்த கேமராவில் இந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது, ஐபோனுக்கு 2023-லும் ஆண்ட்ராய்டுக்கு 2024-லும் வந்தது, எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி உருக்குகிற அடுப்பை எடுக்கும்போது எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவையும்) பூட்டுங்கள். பூட்டாவிட்டால் தீ எழும்போது அறை முழுக்க இருண்டு, தணியும்போது வெளுக்கும். ஃபிரேமில் எது முக்கியமோ, அந்த ஆளின் முகமோ உருகிய வெள்ளியோ, அதற்கு அளந்து பூட்டிவிட்டு மற்றது போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். மெருகு போட்ட கொலுசுக் குவியலை நேர் வெளிச்சத்தில் எடுத்தால் வெள்ளைத் திட்டுகளாகத்தான் வரும். ஜன்னலோரம், ஒரு பக்கத்து வெளிச்சத்தில், கையில் தொங்கவிட்டு எடுங்கள். நீங்கள் அனுப்பியதில் இருந்த குத்துப்பாட்டை எடுத்துவிட்டு அந்தப் பட்டறையின் ஒலியைக் கேட்டுப் பாருங்கள். ஊதுகுழல் தீயின் இரைச்சல், சின்னச் சுத்தியல், எடைபோடும்போது கொலுசு தட்டில் விழுகிற சலசலப்பு. இதைவிட நல்ல பின்னணி இசையை யார் போட்டுத் தருவார்?

ஏற்காடு கோடை விழாவில் எடுத்த பிடிசி (நிருபர் கேமராவைப் பார்த்துப் பேசுவது) முழுக்கக் காற்றுச் சத்தம். பனிமூட்டத்தில் படமும் சாம்பல் கலரில் இருக்கிறது. டெஸ்க்கில் (சேனலின் செய்திப் பிரிவில்) நிராகரித்துவிட்டார்கள்.
பயிற்சி நிருபர், சேலம்

பகோடா பாயின்ட் மாதிரி திறந்த முனையில் நின்றுகொண்டு, சேனல் லோகோ மாட்டிய மைக்கில் இருக்கிற ஸ்பான்ஞ்சை நம்பிப் பேசினால் காற்றுதான் பேசும். ரோமம் வைத்த உறை விலை குறைவுதான், எப்போதும் பையில் கிடக்கட்டும். இல்லையென்றால் ஒரு சுவரோ வேனோ காற்றை மறைக்கிற பக்கம் நில்லுங்கள், மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள், ஹெட்போனில் கேட்காமல் இடத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். படம் சுமாராக இருந்தால் மக்கள் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் சேனலை மாற்றிவிடுவார்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், பைட்டுகளுக்கு நடுவில் விழுகிற ஓட்டையை அடைக்க அது ஒன்றுதான் உதவும்.

பனிமூட்டம் பற்றி. கேமராவுக்கு வெள்ளை என்றால் பயம், வெள்ளையை நிறையப் பார்த்தால் தானாக இருட்டாக்கிச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) வரை கூட்டினால் பனி பனியாக வரும். ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலை) ஆட்டோவில் இருந்தால் ஒரே பேச்சுக்குள் நீலமும் மஞ்சளுமாக மாறும், பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வினில் பூட்டுங்கள். ஆட்டோ ஃபோகஸ் பிடிக்க எதுவும் இல்லாமல் தேடிக்கொண்டே இருக்கும், அதையும் கையால் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கறுப்பாக ஏதாவது, ஒரு சில்வர் ஓக் மரத்தண்டு, ஒரு குடை, ஃபிரேமுக்குள் இருந்தால்தான் பின்னால் மூடியிருக்கிற பனியின் ஆழம் தெரியும்.

ஏசி காரில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, கதவைத் திறந்த உடனே கேமராவை எடுத்தால் லென்ஸில் ஈரம் படியும். துடைத்துத் துடைத்து அழுக்காக்காதீர்கள். மேலே போய்ச் சேர்வதற்குக் கொஞ்ச நேரம் முன்னாலேயே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் பிரச்சினையே வராது.

ட்ரோன் வாங்கலாமா?
ஸ்ட்ரிங்கர், ஓமலூர்

முதலில் நல்ல ட்ரைபாடும் காலர் மைக்கும் வாங்குங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே காமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது, அதனால் பறக்கவிடும் முன் ஒவ்வொரு முறையும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில்கூட 400 அடிக்கு மேல் முன் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. சேர்வராயன் மலைக் காட்டுக்குள் என்றால் வனத்துறையைக் கேட்காமல் தூக்காதீர்கள், காட்டெருமைக் கூட்டத்தை ட்ரோன் சத்தத்தால் விரட்டுகிற வீடியோக்களைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. ஒரு ஸ்டோரியில் ட்ரோன் ஷாட் ஒன்று போதும், இடம் எங்கே என்று காட்ட.

நான் ஒரு பள்ளி ஆசிரியை. செய்திகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் முகத்தை மங்கலாக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அடையாளம் தெரிகிற மாதிரிதான் காட்டுகிறார்கள். இதற்கு விதி ஒன்றும் இல்லையா?
வாசகி, ஆத்தூர்

இருக்கிறது அம்மா, கடுமையாகவே இருக்கிறது. 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. குழந்தையின் நலனுக்காகச் சிறப்பு நீதிமன்றம் எழுத்தில் அனுமதித்தால் மட்டும் விலக்கு. மீறினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும், வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்கும் பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கும் இதே காப்பைத் தருகிறது.

ஆகவே முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பள்ளிச் சீருடை, தெருமுனைக் கோயில், வீட்டு வாசல், அம்மாவின் முகம், அப்பாவின் வண்டி நம்பர் எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டுவது சட்டத்தைக் காப்பாற்றியதாக ஆகாது. எடிட் டேபிளில் நடப்பதையும் சொல்கிறேன். பிளரை ஒரு வட்டமாகப் போட்டுவிட்டு, ஆள் தலையைத் திருப்பும்போது அதைக் கூடவே நகர்த்தாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஃபிரேம் முகம் வெளியே வந்தாலும் போதும், யாராவது நிறுத்திப் படம் பிடித்துப் பரப்பிவிடுவார்கள். குரலையும் மாற்றுவதில்லை.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, பிளரை நம்பி எடுக்காதீர்கள். முகம் தெரிகிற கிளிப் கேமராவிலேயே பிறக்கக் கூடாது. ஏனென்றால் அது டெஸ்க்குக்குப் போகிறது, வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது, அவசரத்தில் யாரோ பிளர் போடாத மூலக் கிளிப்பையே ஏற்றிவிடுகிறார்கள். குழந்தையையே எடுக்காமல் செய்தி சொல்ல முடியுமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் முடியும். நீதிமன்றக் கட்டடம், காவல் நிலையம், வழக்கறிஞரின் பைட், அவ்வளவுதான். சாலை விபத்திலும் அதேதான். ரத்தத்தைக் கிட்டப் போய் எடுத்துவிட்டு வட்டம் போடுவதைவிட, வளைவில் உடைந்த தடுப்புச் சுவரையும் சக்கரத் தடத்தையும் எடுங்கள். விபத்து ஏன் நடந்தது என்று அதுதான் சொல்லும்.

வீட்டில் பார்க்கும் நீங்கள், தேதி, நேரம், சேனல் பெயரோடு அந்தச் சேனலின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். எழுத்தில் வரும் புகாரைச் சும்மா விட முடியாது.

சோகமான செய்திக்குப் பின்னணியில் வயலின் போடலாமா?
மாணவர், சங்ககிரி

வேண்டாம். அழுவதா வேண்டாமா என்று பார்க்கிறவர் முடிவு செய்யட்டும்.

ஏற்காடு ரோட்டில் இருக்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு பற்றி ஒரு ஸ்டோரி செய்தேன். கட்டடம் மட்டும்தானே இருக்கிறது, அசைவே இல்லாமல் படம் செத்துக் கிடக்கிறது. ஸ்லோ மோஷன் போட்டும் எடுபடவில்லை.
மாணவர், கன்னங்குறிச்சி

அசையாத பொருளை ஸ்லோ மோஷனில் போட்டு என்ன ஆகப்போகிறது! கீழேயிருந்து மேலே டில்ட் போகிற ஷாட்டே உங்கள் ஸ்டோரியில் ஏழெட்டு முறை வருகிறது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கி, நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டூடியோவில் மிச்சம் நிற்பது அந்த வளைவு. அப்படியென்றால் உங்கள் ஸ்டோரி அதைக் கடந்து போகிற மனிதர்களிடம் இருக்கிறது. செல்ஃபி எடுக்க வண்டியை நிறுத்துகிற குடும்பம், நிமிர்ந்தே பார்க்காமல் போகிற பஸ், உள்ளே வேலை பார்த்த பெரியவர் யாராவது கிடைத்தால் அவர் அங்கே வந்து நின்று பார்க்கிற முகம். கேமராவை ட்ரைபாடில் வைத்து அதிகாலை, உச்சி வெயில், இரவு என்று ஒரே ஃபிரேமை மூன்று நேரத்தில் எடுங்கள். பழைய புகைப்படம் கிடைத்தால் அதே கோணத்தில் இன்றைய ஷாட்டை எடுத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராக வெட்டுங்கள். கட்டடம் அசைய வேண்டியதில்லை, காலம் நகர்வது தெரிந்தால் போதும்.

எங்கள் மலைக் கிராமத்துக்கு பஸ் வராது. பிள்ளைகள் நடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். ஊர்ப் பையன்கள் இதை இரண்டு நிமிடச் செய்தியாகப் போனில் எடுத்துச் சேனல்களுக்குக் கொடுக்க நினைக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?
காப்பித் தோட்டத் தொழிலாளி, ஏற்காடு

நீங்கள் எழுதியதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கீழேயிருந்து கேமராவோடு வருகிறவருக்கு அந்தப் பாதை ஒருநாள் பார்க்கிற காட்சி. உங்கள் பையன்களுக்கு அது தினமும் மிதிக்கிற மண். அவர்கள் எடுத்தால்தான் நன்றாக வரும்.

'ஏழைகளின் ஊட்டி' என்று ஆரம்பித்து, பனி, ஏரி, படகு என்று காட்டிவிட்டுப் பிறகு உங்கள் ஊருக்கு வராதீர்கள், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். விடியும் முன்னால் ஒரு வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் ஷாட்டில் பேச்சே வேண்டாம். அடுப்புச் சத்தம், பையில் டிபன் பாக்ஸ் வைக்கிற சத்தம், கதவு, அப்புறம் பாதையில் டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே போவது. ஒரு பிள்ளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு. பத்துப் பிள்ளைகளைக் காட்டினால் கூட்டமாகத் தெரியும், ஒருவரைத் தொடர்ந்தால் நாமும் கூட நடப்போம். அவர்களுக்கு முன்னால் ஓடிப் போய்க் கேமராவை வைத்துவிட்டு, அவர்கள் வந்து கடந்து ஃபிரேமை விட்டு மறைகிற வரை நில்லுங்கள். இப்படி நாலைந்து இடத்தில் எடுத்தால் ஒன்றரை மணி நேர நடையை இருபது விநாடியில் சொல்லிவிடலாம், தூரமும் குறையாது. மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தால் படத்துக்காகத் தாண்டச் சொல்லாதீர்கள். அவர்கள் தாங்களாகத் தாண்டுகிற நாளில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

போனைப் படுக்கையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். லென்ஸை வேட்டித் துணியில் ஒருமுறை துடைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பாதிப் போன் வீடியோ மங்கலாக இருப்பதற்கு விரல் எண்ணெய்தான் காரணம்.

எடிட் செய்யும் முன் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் என்ன படம், வலப்பக்கம் என்ன ஒலி என்று வரிசையாக எழுதுங்கள். வாய்ஸ் ஓவரில் "பிள்ளைகள் நடந்து செல்கிறார்கள்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள், அதுதான் தெரிகிறதே. கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை பிள்ளைகள், படிப்பை நிறுத்தியவர் உண்டா, கிராம சபையில் எந்தத் தேதியில் தீர்மானம் போட்டீர்கள், மனுவுக்கு என்ன பதில் வந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும். ஒரு பிள்ளை பேசட்டும், ஒரு அம்மா பேசட்டும், போக்குவரத்துக் கழகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஒருவர் பதில் சொல்லட்டும். பதில் சொல்ல மறுத்தால் எந்த நாள் கேட்டோம் என்று அதையே சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படித்து நேரம் பார்த்து, இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் படத்தை வெட்டாமல் பேச்சைக் குறையுங்கள்.

சேனலுக்கு அனுப்பும்போது வெட்டிய ஸ்டோரியோடு வெட்டாத கிளிப்புகளையும், லோகோவோ எழுத்தோ பாட்டோ இல்லாமல், தனியாக அனுப்புங்கள். டெஸ்க் தன் குரலில் திரும்ப வெட்ட விரும்பும், அதற்கு அது வேண்டும். மே மாதம் அனுப்பாதீர்கள், அப்போது ஏற்காடு என்றாலே அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஜூனில் பள்ளி திறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அனுப்புங்கள், அந்த வாரம் எல்லா டெஸ்க்கும் பள்ளிக்கூடச் செய்தியைத் தேடிக்கொண்டிருக்கும். படத்தைப் போன கல்வியாண்டிலேயே எடுத்தது என்றால் எடுத்த தேதியை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.